கறுப்புத் துணிக்கு அடியில

உறையூர்ல ஒரு பழைய சுருட்டு குடோன். சுருட்டுக் கம்பெனி போனதுக்கப்புறம் அதுல பிரிசில்லா இருந்தாங்க. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். களிமண் பொம்மையை நடக்க வைக்கிறது அவங்க வேலை. பொம்மையை ஒரு நூலளவு நகர்த்தணும், ஒரு போட்டோ எடுக்கணும். மறுபடி ஒரு நூல், மறுபடி ஒரு போட்டோ. எல்லாத்தையும் வரிசையா ஓட்டினா பொம்மை தானா நடக்கும்.

அவங்ககிட்ட ஒரு சிஷ்யர் வந்து சேர்ந்தாரு. பேரு வைத்தியலிங்கம். அம்பது தாண்டினவரு. பெரிய கடை வீதியில வேட்டிக் கடை, மாடியில வீடு. வேட்டி, வெள்ளைச் சட்டை, துண்டு. வேற கலர் கிடையாது. அவரும் வேற கலர் போட்டு யாரும் பார்த்ததில்ல. இந்தக் கடைக்கு போர்டு எதுக்கு, முதலாளி வாசல்ல நின்னா போதுமேன்னு பக்கத்துக் கடைக்காரங்க சொல்லுவாங்க.

"குருவே"ன்னு ஆரம்பிச்சாரு.

"அப்படிக் கூப்பிடாதீங்க சார். கேஸ் சிலிண்டர் போட வர்றவரு போன தடவையே சிரிச்சுட்டுப் போனாரு."

"சரி மேடம். நீங்க என்ன கேமரா வச்சிருக்கீங்க?"

குடோன் நடுவுல ஒரு மேஜை. மேஜை மேல களிமண் படிக்கட்டு. படிக்கட்டுல ஒரு களிமண் ஆடு. ஆட்டுக்கு எதிர்ல ஸ்டாண்டு போட்டு கேமரா நின்னுச்சு. லென்ஸோட வாய் மட்டும் வெளிய தெரிஞ்சது. மத்ததெல்லாம் கறுப்புத் துணிக்குள்ள இருந்தது.

"அதோ, அதான்"னாங்க.

"அது தெரியுது மேடம். என்ன கேமரா?"

"போட்டோ எடுக்கற கேமரா. சார், நீங்க அந்த பீரோவுக்குப் பின்னாடி போய் உக்காருங்களேன்."

"இங்கிருந்தே பார்க்கறேனே."

"பீரோவுக்குப் பின்னாடி சார்."

குருன்னா இப்படித்தான் பொறுமையை சோதிப்பாங்கன்னு அவர் போய் உக்காந்தாரு. அங்கிருந்து பீரோவோட முதுகு மட்டும்தான் தெரிஞ்சது.

பிரிசில்லா ஆட்டோட ஒரு காலைத் தூக்கி வச்சாங்க. தரையில ஒட்டியிருந்த டேப்பு மேல வந்து நின்னாங்க. பட்டனை அழுத்தினாங்க. மறுபடி ஆட்டுக்கிட்ட போனாங்க.

பீரோவுக்குப் பின்னாலருந்து குரல் வந்தது. "முப்பத்தஞ்சு எம்எம் லென்ஸ் நல்லதா, அம்பது நல்லதா?"

"உங்க பொம்மை எவ்வளவு பெரிசு?"

"யானை மேடம். எலுமிச்சம்பழம் அளவு."

"முகம் தெரியணுமா, நடை தெரியணுமா?"

"ரெண்டும் தெரியணும்."

"அப்ப நல்லா கிட்ட போற லென்ஸ் ஒண்ணு இருந்தா போதும். இருக்கா?"

"மூணு இருக்கு."

பிரிசில்லா ஆட்டுக்கிட்ட குனிஞ்சு பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க. "சார், நான் கடைசியா ஆட்டோட எந்தக் காலை நகர்த்தினேன்?"

"எனக்கு பீரோதான் தெரியுது மேடம்."

"எனக்கு அதுவும் தெரியல. நீங்க பேசிக்கிட்டே இருந்ததுல மறந்துபோச்சு."

அவங்க ஆட்டை எடுத்து முதல் படியில வச்சாங்க. வைத்தியலிங்கம் கும்பிட்டுட்டு வெளிய போயிட்டாரு.

அவருக்கும் அவசரம் இருந்தது. பொண்ணு தேன்மொழிக்கு கல்யாணம் நெருங்கிட்டிருந்தது. நிச்சயதார்த்தத்துல சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னாடி இவர் ஒரு வார்த்தை விட்டுட்டாரு. ரிசப்ஷன்ல திரை கட்டி படம் போடுவேன், ஒரு குட்டி யானை நடந்து வந்து மாப்பிள்ளை பொண்ணு பேருக்கு மாலை போடும், எல்லாம் என் கையாலன்னு. சம்பந்தி கைதட்டினாரு.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் தேன்மொழி மெதுவா சொன்னா. "வேணாம்பா. வீடியோக்காரரே ஏதாவது போட்டுடுவாரு."

"ஏம்மா, நான் முடிக்க மாட்டேனா?"

அவ கூடத்தைப் பார்த்தா. கூடத்துல உறை பிரிக்காத கிடார் இருந்தது. மீன் இல்லாத மீன்தொட்டி இருந்தது. ஓடற மெஷின் மேல வேட்டி காய்ஞ்சுக்கிட்டிருந்தது.

அதுக்கப்புறம்தான் வைத்தியலிங்கத்துக்கு தூக்கம் போச்சு.

அடுத்த தடவை வந்தப்ப போன்ல படத்தைக் காட்டினாரு. யானை நல்லாத்தான் நடந்தது. ஆனா கெட்டுப்போன டியூப் லைட் மாதிரி படம் பூரா மினுக் மினுக்குன்னு அடிச்சது.

"இதுக்குத்தான் கேமரா கேக்கறேன். ஆட்டோமேட்டிக் லென்ஸ் உள்ள இருக்கற ஓட்டையை ஒவ்வொரு போட்டோவுக்கும் தானா சுருக்குமாம். ஒரு தடவை சுருக்கற மாதிரி மறு தடவை சுருக்காதாம். அதனால வெளிச்சம் ஏறி இறங்குமாம். அதான் கையால வளையத்தைத் திருகற பழைய லென்ஸா பார்த்து வாங்கினேன்."

"நல்ல காரியம் பண்ணினீங்க."

"அப்பவும் மினுக்குது. அப்ப கேமராதானே கோளாறு?"

"ஜன்னல் வெளிச்சம்?"

"அட்டை வச்சு அடைச்சாச்சு."

"கேமராவுல எல்லாம் கையாலதானே வச்சிருக்கீங்க? தானா மாறற மாதிரி எதுவும் இல்லையே?"

"எதுவும் இல்ல. எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். கேமரா கடையில பெரிசா ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா..."

"யானையை எடுத்துடுங்க."

"எங்க?"

"மேஜையிலருந்து. வெறும் மேஜையை எடுங்க. ஆனா யானை இருக்கற மாதிரியே நினைச்சுக்கிட்டு, கிட்ட போயி குனிஞ்சு, நகர்த்தற மாதிரி பண்ணி, எப்பவும் போல எடுங்க."

"யானை இல்லாம எப்படி மேடம் மாலை போடும்?"

"ஐயோ சார். எடுத்துட்டு வாங்க."

அவர் போய் இல்லாத யானையை சாயங்காலம் வரைக்கும் நகர்த்தினாரு. அவர் சம்சாரம் செண்பகம் காபி கொண்டு வந்தவங்க, வாசல்லயே நின்னு பார்த்துட்டு, காபியோட திரும்பிப் போயிட்டாங்க.

மறுநாள் வந்து காட்டினாரு. வெறும் மேஜையும் மினுக்குச்சு.

"பார்த்தீங்களா? யானை மேல தப்பில்ல."

"யானை மேல தப்புன்னு யாரு சொன்னா? லென்ஸை மாத்திட்டு இதே மாதிரி எடுங்க."

மாத்தி எடுத்தாரு. மினுக்குச்சு. இன்னொரு லென்ஸ் போட்டாரு. அப்பவும் மினுக்குச்சு. சந்தோஷமா ஓடி வந்தாரு.

"லென்ஸும் இல்ல. கேமராதான். நான் அப்பவே சொன்னேன்!"

பிரிசில்லா கண்ணை மூடித் திறந்தாங்க. "கேமராவுல டைமர் இருக்கா? தானா விட்டு விட்டு எடுக்கற மாதிரி?"

"இருக்கு."

"அதைப் போட்டு விட்டுட்டு, கதவைச் சாத்திட்டு, கீழ போய் வேட்டி வித்துட்டு வாங்க."

"நான் இல்லாமயா?"

"நீங்க இல்லாமதான்."

அவர் கீழ போய் வியாபாரம் பார்த்தாரு. ஒருத்தரு நாலு முழம் கேட்டா எட்டு முழத்தை எடுத்துப் போட்டாரு. மனசெல்லாம் மாடியில இருந்தது. சாயங்காலம் படத்தை ஓட்டினாரு. மேஜை கல்லு மாதிரி நின்னுச்சு. ஒரு மினுக்கு இல்ல.

யானையைப் பையில போட்டுக்கிட்டு குடோனுக்கு ஆட்டோ பிடிச்சு வந்தாரு.

"மேடம்! சரியாயிடுச்சு! கேமரா தானா சரியாயிடுச்சு!"

பிரிசில்லா நெத்தியில கை வச்சுக்கிட்டாங்க. விரல்ல இருந்த களிமண் நெத்தியில ஒட்டிக்கிச்சு.

"சார். மேஜை இருந்ததா?"

"இருந்தது."

"லைட்டு இருந்ததா?"

"அதே லைட்டு."

"கேமரா?"

"அதே கேமரா."

"அப்ப முன்னாடி இருந்து, இந்தத் தடவை ரூமுக்குள்ள இல்லாம போனது எது?"

வைத்தியலிங்கம் யோசிச்சாரு. ஒவ்வொண்ணா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாரு. கடைசி விரல்ல நின்னுட்டாரு.

"நான்தான் இல்ல."

"வாங்க."

அவங்க ஆட்டை விட்டுட்டு ஓரத்துல இன்னொரு மேஜையில லைட்டைப் போட்டாங்க. சின்ன கேமரா ஒண்ணை வச்சு டிவியில மாட்டினாங்க. "உங்க யானையை இங்க வைங்க. இப்ப டிவியைப் பார்த்துக்கிட்டே கிட்ட வாங்க."

அவர் கிட்ட வந்தாரு. டிவியில யானையோட வயிறு வெளுத்துச்சு.

"பின்னால போங்க."

போனாரு. யானை இருண்டுச்சு.

கிட்ட வந்தாரு, வெளுத்துச்சு. இடது பக்கம் சாஞ்சாரு, தும்பிக்கை வெளுத்துச்சு. லைட்டு அவர் சட்டையில பட்டு, சட்டையிலருந்து யானை மேல விழுந்துக்கிட்டிருந்தது. ஒவ்வொரு போட்டோவுக்கும் அவர் ஒவ்வொரு இடத்துல நின்னிருக்காரு.

"நம்ம சரக்கு அப்படி"ன்னாரு. அந்த நேரத்துலயும் குரல்ல பெருமை ஒளிய மாட்டேன்னுச்சு.

அப்புறம்தான் பீரோ ஞாபகம் வந்தது. பிரிசில்லா போட்டிருந்த கறுப்புச் சுடிதாரைப் பார்த்தாரு. தரையில இருந்த டேப்பைப் பார்த்தாரு. கேமரா மேல இருந்த துணியைப் பார்த்தாரு.

கதவுக்குப் பின்னால ஆணியில, முழங்கால் வரைக்கும் நீளமான கறுப்புச் சட்டை ரெண்டு மூணு தொங்குச்சு. பிரிசில்லா ஒண்ணை எடுத்து நீட்டினாங்க.

அவர் கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு. "மேடம், கல்யாண வீடு. நானோ வேட்டிக் கடைக்காரன். கறுப்பை எப்படிப் போடறது?"

"அது உங்க இஷ்டம்."

"வேற வழி? லென்ஸ் ஏதாவது..."

பிரிசில்லா சட்டையை நீட்டின கையை இறக்கவே இல்ல.

"இது இவ்வளவு நாளா இங்கதான் தொங்குச்சா?"

"ஆமா."

"முதல் நாளே குடுத்திருக்கலாமே மேடம்!"

"முதல் நாள் நீங்க கேட்டது கேமரா."

அவர் அந்தச் சட்டையை பேப்பர்ல சுத்தி, பைக்குள்ள ஒளிச்சு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. மாடியில கதவைச் சாத்திக்கிட்டு போட்டுக்கிட்டாரு. யானை நடக்க ஆரம்பிச்சது. மினுக்கு இல்ல.

நடுவுல அவசரமா கீழ கூப்பிட்டதுல ஒரு நாள் அப்படியே கடைக்கு இறங்கி வந்துட்டாரு.

"ஆனி மாசத்துல என்ன முதலாளி, மாலை போட்டிருக்கீங்க?" எதிர்க்கடைக்காரர் செருப்பைக் கழட்டிட்டுக் கேட்டாரு. "சாமி, எப்ப மலைக்கு?"

செண்பகம் கேட்டது வேற மாதிரி. "பொண்ணு கல்யாணத்தை வச்சுக்கிட்டு கறுப்புச் சட்டையா? புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு?"

"யானைக்காகப் போட்டேன்."

"யானை கேட்டுச்சா?"

பந்தக்கால் நட்ட அன்னிக்கு கறுப்புச் சட்டை வீட்டுலருந்து காணாம போயிடுச்சு. செண்பகத்துக்கிட்ட கேக்கற தைரியம் அவருக்கு இல்ல. யானை மாலைக்கிட்ட தும்பிக்கையை நீட்டிக்கிட்டு பாதியில நின்னுச்சு. வைத்தியலிங்கம் வெள்ளைச் சட்டையைக் கழட்டினாரு. வேட்டியையும் கழட்டினாரு. கரிக்கலர் லுங்கி ஒண்ணு சமையக்கட்டுல பாத்திரம் பிடிக்கக் கிடந்தது. அதைக் கட்டிக்கிட்டு வெத்து உடம்போட மிச்சத்தை எடுத்தாரு. தேன்மொழி ஒரு தடவை கதவைத் தள்ளிப் பார்த்தா. அப்பா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மாலையை நகர்த்திக்கிட்டிருந்தாரு. அவ சத்தம் போடாம கதவைச் சாத்திட்டுப் போயிட்டா.

ரிசப்ஷன்ல திரை கட்டினாங்க. குட்டி யானை நடந்து வந்தது. நின்னுச்சு. மாலையைத் தூக்குச்சு. பேர்ப் பலகைக்குப் போட்டுச்சு. கூட்டம் கைதட்டுச்சு. சம்பந்தி எழுந்து நின்னு தட்டினாரு.

தேன்மொழி மேடையிலருந்து அப்பாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டா. "இன்னொரு தடவை போடச் சொல்லுப்பா."

போட்டாங்க. யானை மாலையைத் தூக்கறப்ப ஒரே ஒரு கணம் திரை பளிச்சுன்னு வெளுத்து அடங்குச்சு.

"அங்க ஒண்ணு வந்து போச்சே, அது என்னப்பா?"

"அது நான்தான்மா. ஒரே ஒரு போட்டோவுக்கு, அவசரத்துல வேட்டியை மாத்த மறந்துட்டேன்."

அவளுக்கு ஒண்ணும் புரியல. ஆனா அப்பாவோட கையை விடல. போட்டோவுக்கு நிக்கச் சொல்லி கூப்பிட்ட பிறகுதான் விட்டா.

மறுவீடெல்லாம் முடிஞ்சு ஒரு நாள் வைத்தியலிங்கம் குடோனுக்கு வந்தாரு. கையில லட்டும் முறுக்கும். கூடவே ஒரு புதுக் கறுப்புச் சட்டை, காணாம போனதுக்குப் பதிலா. ஊர்ல எங்க தேடி வாங்கினாருன்னு தெரியல, அவர் கடையில கண்டிப்பா இல்ல.

யாரும் சொல்லல. அவரே அந்தச் சட்டையை மேல போட்டுக்கிட்டாரு. அவரே பீரோவுக்குப் பின்னாடி போய் உக்காந்தாரு. வேட்டி வெளிய தெரியுதான்னு குனிஞ்சு பார்த்து இழுத்து உள்ள விட்டுக்கிட்டாரு.

ஆடு பாதிப் படியில இருந்தது. பிரிசில்லா ஒரு காலை நகர்த்தினாங்க. டேப்பு மேல வந்து நின்னாங்க. அழுத்தினாங்க. ரொம்ப நேரம் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

வைத்தியலிங்கம் அடக்கிப் பார்த்தாரு. முடியல.

"மேடம். முன் வலது கால்."

"என்னது?"

"நீங்க கடைசியா நகர்த்தினது. பீரோ ஓரமா எட்டிப் பார்த்தேன். நான் பேசினா மறந்துடுவீங்களேன்னு முதல்லயே சொல்லிட்டேன்."

"சரி, கேளுங்க."

"கேமராவைப் பத்தி இனிமே கேக்க மாட்டேன்னுதான் வந்தேன். ஆனா இது ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க. அந்தத் துணிக்கு அடியில இருக்கறது என்ன கேமரா?"

பிரிசில்லா துணியைத் திரும்பிப் பார்த்தாங்க. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

"இப்ப துணியைத் தொட்டா கேமரா அசைஞ்சுடும் சார். ஆடு மேல ஏறட்டும். அப்புறம் எடுக்கறேன். நீங்களும் பாருங்க, நானும் பார்க்கறேன்."