வாசல்படி மிதிக்காத சேர்மன்

செங்காவூர் முனிசிபாலிட்டிக்கு எட்டு மெம்பர்கள். யார் எதைச் சொன்னாலும் எட்டுப் பேரும் ஓர் எழுத்துப் பிசகாமல் செய்துவிடுவார்கள். ஊரைக் கெடுக்க வேறு ஆள் தேவைப்படவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் பழைய சேர்மன் காலமானார். அந்த நாற்காலி மேல் மெம்பர் அம்பலவாண முதலியாருக்கு வெகுநாளாக ஒரு கண். பழகிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் சாப்பிடுவதுகூட நாற்காலியில் உட்கார்ந்துதான், பாவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை கலெக்டர் துரையிடமிருந்து கடிதம் வந்தது. உறையின் மேல் 'சேர்மன் மட்டும் பிரிக்கவும்' என்றிருந்தது.

"சேர்மன்தான் இல்லையே, யார் பிரிக்கிறது?" என்றார் கோதண்டபாணி நாயுடு. கோர்ட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்ததால் சட்டம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த மெம்பர் அவர்.

"பிரிக்கிறதுக்காகவாவது ஒரு சேர்மன் வேணும்," என்றார் இன்னொரு மெம்பர் உதுமான் ராவுத்தர்.

நியாயம்தானே? உடனே கை தூக்கி முதலியாரைச் சேர்மனாக்கினார்கள். அவர் கண் கலங்க உறையைப் பிரித்தார். 'சேர்மன் பதவி காலியாக இருப்பதால் வெள்ளிக்கிழமை தேர்தல் நடத்தவும்' என்றிருந்தது உள்ளே.



"இப்ப காலியா இல்லையே," என்றார் நாயுடு.

"அப்ப முதலியார் ராஜினாமா கொடுக்கணும்," என்றார் ராவுத்தர்.

"யாருகிட்ட?" என்றார் முதலியார்.

"சேர்மன்கிட்டதான்."

முதலியார் ராஜினாமா எழுதி மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து வைத்தார். பிறகு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து படித்தார். இரண்டு நாள் யோசித்தார். அப்படியொரு நல்ல மனிதரை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. 'ஏற்க இயலாது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை துரையே வந்து இறங்கினார். "தேர்தல் முடிந்ததா?"

"கேட்டுப் பார்த்தோங்க. சேர்மன் ஒத்துக்கல," என்றார் நாயுடு.

முழு விவரமும் கேட்ட துரைக்கு முகம் சிவந்தது. "முதலியார், நீர் வெளியே போம். இனி இந்த ஆபீஸ் வாசல்படியை மிதிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். அடுத்த மாதமே துரைக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல்.

முதலியார் அழுதே விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ராவுத்தர் குறுக்கே கை நீட்டினார்.

"படியை மிதிக்காம எப்படிப் போவீங்க?"

"போகச் சொன்னாரே."

"மிதிக்கக் கூடாதுன்னும் சொன்னாரே."

பொழுது சாயும்வரை விவாதித்தார்கள். பின்னால் சொன்னதுதான் செல்லும் என்று நாயுடு முடிவு சொன்னார். ஆகவே முதலியார் உள்ளேயே தங்கினார். வெளியே போகாத ஆளை எப்படிப் பதவியிலிருந்து அனுப்புவது? பதினோரு வருஷம் அவர்தான் சேர்மன். மனைவி தையல்நாயகி சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். சண்டையும் அதே வழியாகத்தான்.

பிறகு மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "பொண்ணைத் தாரை வார்க்க அப்பா வேணுமா வேணாமா?" என்று தையல்நாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதலியார் உடனே மெம்பர்களைக் கூட்டினார். உத்தரவை மீறாமல் அவரை வெளியே எடுக்க ஒரே வழி கட்டடத்தை இடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

கூரை போயிற்று. நாலு சுவரும் போயிற்று. துரை உத்தரவு சம்பந்தப்பட்ட பொருள் என்பதால் வாசல்படியை மட்டும் யாரும் தொடவில்லை. வெட்டவெளியில் அது தனியாக நின்றது. அதற்குப் பின்னால் பட்டு வேட்டியோடு முதலியார் நின்றார்.

"வாங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு," என்றார் நாயுடு.

"எப்படி வர்றது? வாசல் இது ஒண்ணுதானே?" என்றார் முதலியார்.

அதுவும் சரியாகத்தான் பட்டது. மாப்பிள்ளை, பெண், மேளக்காரர் எல்லாரும் வரிசையாகப் படியேறி அந்தப் பக்கம் போனார்கள். முதலியார் ஆனந்தக் கண்ணீரோடு தாரை வார்த்தார். தாலி கட்டுகிற நேரம் பார்த்து மழை கொட்டியது.

"நல்லவேளை, எல்லாரும் உள்ளே இருக்கோம்," என்றார் ராவுத்தர், தாடியைப் பிழிந்துகொண்டே.