காருக்குக் கொடுத்தது போக

திருச்சியில் தங்கபுஷ்பம் என்பவளின் வீட்டில் ஒரு மின்சாரக் காரும் ஒரு கைபேசியும் சேவகம் பார்த்து வந்தன. கார் வந்த புதிதில் இணையத்துக்கென்று அதற்குள்ளேயே ஒரு சிம் இருந்தது. மூன்று வருடத்தில் அதன் கெடு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து தங்கபுஷ்பம் சீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிடுவாள். கைபேசிக்குக் கிடைக்கும் இணையத்தில் கார் பங்கு எடுத்துக்கொள்ளும். பங்கு என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன்.

கைபேசி பரம சாது. இல்லை என்று சொல்ல அதற்கு வாய் வராது. காருக்கோ கேட்க வாய் கூசாது. இப்படி இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து அண்ணன் வேலுச்சாமி கூப்பிட்டார். அம்மா போய்விட்டாள். அழுதுகொண்டே உறவுக்கெல்லாம் தகவல் சொல்லி, வீட்டைப் பூட்டி அவள் வண்டியில் ஏறப் பன்னிரண்டு ஆகிவிட்டது. கைபேசியில் முப்பது சதவீதம்தான் மிச்சம். சார்ஜர் வயரை எடுத்து வைக்கிற நிலையில் அவள் இல்லை. அது சமையல் மேடையிலேயே கிடந்தது.

கிளம்பும்போது அண்ணன் மறுபடியும் பேசினார்.

"ராகுகாலம் முடிஞ்சதும் நாலரைக்கு எடுத்துரணும்ங்காக, தங்கம். எங்கன வந்துக்கிட்டு இருக்கன்னு சொல்லிக்கிட்டே வா. பக்கத்துல வந்துட்டன்னு தெரிஞ்சா அரை மணி நேரம் நான் நிப்பாட்டி வச்சுக்கிடுவேன். உங்கிட்ட இருந்து தகவலே இல்லைன்னா பெரியாளுக எம்பேச்சைக் கேக்க மாட்டாக."

"வந்துருதேண்ணே. என்னை விட்டுட்டு எடுத்துராதீங்க."

அவர்கள் குடும்பத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வாசலில் பார்க்கிற முகம்தான் கடைசி முகம். இதெல்லாம் தன் வழியாகப் போய்வந்த பேச்சு என்பதால் கைபேசிக்குக் கலக்கமாக இருந்தது. இந்தச் சார்ஜைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டது. அதற்குள் தங்கபுஷ்பத்தின் விரல் பழக்கதோஷத்தில் ஹாட்ஸ்பாட்டைத் தட்டிவிட்டது.

"வா வா, திற," என்றது கார்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன். அவங்க பிறந்த ஊர், அவங்களுக்கு வழி தெரியும். எனக்குத் தெம்பே இல்லை. முப்பதுதான் இருக்கு."

"எனக்கும்தான் இல்லை. அறுபதுதான் இருக்கு. வழியில சார்ஜ் போடற இடம் தேட வேண்டாமா? நான் நடுரோட்டில நின்னுட்டா அவங்க நடந்தா போவாங்க?"

நியாயமான கேள்வி. கைபேசி திறந்துவிட்டது. விருதுநகர் பக்கத்தில் ஒரு சார்ஜ் கம்பம் இருப்பதை இரண்டே நிமிடத்தில் கார் கண்டுபிடித்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதற்குக் கைபேசியும் ஒன்றுதான், வீட்டு வைஃபையும் ஒன்றுதான். ஆறு மாதமாகச் சேர்ந்து கிடந்த அப்டேட்டையெல்லாம் உட்கார்ந்து இழுக்க ஆரம்பித்தது.

மேலூர் வருவதற்குள் கைபேசிக்கு உடம்பு கொதித்தது. வெயில் வேறு கண்ணாடி வழியாக நேராக அதன் மேல் விழுந்தது.

"உங்க வயித்துல ஆயிரம் கைபேசிக்கான கரண்ட் இருக்கு. எனக்கு ஒரு சொட்டு கொடுங்களேன்," என்று கேட்டது.

"கொடுக்க மாட்டேன்னா சொன்னேன்? வயர் எங்கே? நீ வயர் இல்லாம வந்தது என் தப்பா?"

மதுரை தாண்டியதும் தங்கபுஷ்பம் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அதுதான் அவள் சொன்ன கடைசித் தகவல்.

சார்ஜ் கம்பத்தை அடையும்போது மணி மூன்றேகால். கைபேசியில் நான்கு சதவீதம். காரிலும் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மூடிக்கிடந்த ஒரு ஓட்டலின் பின்பக்கம் கம்பம் தனியாக நின்றது.

"ஆப்பைத் திற. என் நெற்றியில் இருக்கிற க்யூஆர் கட்டத்தைப் பார். வருகிற எண்ணைச் சொல். அப்போதுதான் தருவேன்," என்றது கம்பம்.

அந்த நாளுக்கான டேட்டா மொத்தமும் காரின் வயிற்றுக்குப் போயிருந்தது; இணையம் இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு மூன்றானது, மூன்று இரண்டானது.

"ஒரு தடவை அண்ணனைக் கூப்பிட இதை வச்சுக்கறேனே," என்றது கைபேசி.

"நான் ஓடினாத்தானே அவங்க முகம் பார்க்க முடியும்? யோசிச்சுப் பாரு," என்றது கார்.

இதுவும் நியாயமாகத்தான் பட்டது. கைபேசி கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணை வாங்கிச் சொன்னது. கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கைபேசி அணைந்தது.

இதற்கு மேல் நடந்தது பாவம், கைபேசிக்குத் தெரியாது. நாம் பார்த்தாக வேண்டும்.

ஓட்டல் காவல்காரர் சூசை தன் பட்டன் போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் சார்ஜரின் ஊசிமுனை இந்தக் கைபேசிக்குள் நுழையவில்லை.

"நம்பரச் சொல்லுங்கம்மா, நான் போட்டுத் தாரேன்."

"தொண்ணூத்தி நாலு..." என்று ஆரம்பித்தாள் தங்கபுஷ்பம். பிறகு எண்கள் வரவில்லை. அண்ணன் என்ற பெயரைத் தொட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். காரின் திரையைப் பார்த்தாள். கைபேசி இணைக்கப்படவில்லை என்று அது எழுதிக் காட்டியது.

"கூடப் பிறந்த அண்ணன் நம்பர் எனக்குத் தெரியலையே," என்று அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த எண்ணுக்காகக் காத்து நின்றார்.

கார் முக்கால் மணி நேரம் நிதானமாகக் குடித்தது. பிறகு குறை சொல்ல முடியாதபடி நன்றாக ஓடியது. நாலு ஐம்பதுக்குத் தெருவில் நுழைந்தபோது வழியெல்லாம் பூ சிதறிக் கிடந்தது. வாசலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

மதினி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "உங்க அண்ணன் போட்டுப் போட்டுப் பாத்தாக தங்கம். ஸ்விட்ச் ஆஃப்னே வந்துச்சு. எங்கன வந்துக்கிட்டு இருக்கான்னே தெரியாம எத்தன நேரம் வச்சுக்கிட்டு இருக்கன்னு பெரியாளுக தூக்கிட்டாக. இப்பத்தான்... பத்து நிமிசம்கூட இருக்காது."

யாரோ கைபேசியை வாங்கி ஜன்னலோரம் சார்ஜில் போட்டார்கள். அது கண் விழித்தது. அணைந்து கிடந்தபோது வந்த அழைப்புகளின் தகவல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பதினான்கு. எல்லாம் அண்ணன். கைபேசிக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. தரையில் தலைவிரித்துக் கிடந்தவளை அது பார்த்துக்கொண்டே இருந்தது.

வெளியே வேப்பமர நிழலில் நின்ற கார் உற்சாகமாகக் கூப்பிட்டது.

"எழுந்துட்டியா? பத்திரமா கொண்டுவந்து சேர்த்துட்டேன் பார்த்தியா? அப்டேட்ல இன்னும் கொஞ்சம்தான் பாக்கி."

கைபேசியில் இரண்டு சதவீதம் ஏறியிருந்தது. கொடுத்தது.