மிச்சம் விழாத மல்லிகை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பொழில்நாடு என்றொரு நாட்டைக் கொற்றவேள் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் எந்த நேரத்தில் என்ன தோன்றும் என்று அவனுக்கே தெரியாது! அவன் பிறந்தநாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மனசில் தோன்றிய ஓர் எண்ணைச் சொல்வான். அத்தனை மல்லிகை மொட்டு அவன் பேருக்கு, அதைப்போல ஆயிரம் மடங்கு அம்மனுக்கு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி, கோயிலின் பதின்மூன்று சந்நிதிக்கும் ஒரே அளவில் மாலை கட்ட வேண்டும்.

அந்த வருஷம் அம்மன் மாலை ஒரு முழம் குறைந்துவிட்டது. ராஜாவுக்கு வந்ததே கோபம்! பூக்கட்டும் உலகம்மையை அவைக்கு வரவழைத்தான்.

அவைக் கணிதர் அனந்தபூதி முந்திக்கொண்டார். உலகம்மையின் நந்தவனத்தைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர அவருக்கு நெடுநாள் ஆசை.

"மகாராஜா, தாங்கள் சொல்லும் எண் பதின்மூன்றுக்குச் சரியாகப் பிரியாது, மிச்சம் விழும். பூவை எண்ணி, அந்த மிச்சத்தை வருஷாவருஷம் நானே எடுத்துவைத்துவிட்டுத்தான் இவளிடம் அனுப்புகிறேன். குறை இவள் கையில்தான்."

"மிச்சமா? மிச்சமே விழாதே சாமி!" என்றாள் உலகம்மை.

"எந்த எண்ணைச் சொன்னாலுமா?" ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எதைச் சொன்னாலும்தான் மகாராஜா."

"ஒரு மொட்டு மிஞ்சினாலும் நந்தவனத்தை விட்டுப் போய்விட வேண்டும். சம்மதமா?"

அந்த நந்தவனம் போனால் அவளுக்குப் பிழைப்பே இல்லை. இருந்தாலும், "சம்மதம்" என்றாள்.

ராஜா கண்ணை மூடி யோசித்தான். "நானூற்றுப் பத்தொன்பது!"

ஆகமொத்தம் நாலு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பத்தொன்பது மொட்டு. கணிதர் மணற்பலகையில் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார்.

"மாலைக்கு... முப்பத்திரண்டாயிரத்து இருநூற்று அறுபத்து மூன்று."

"மிச்சம்?"

"இல்லை, மகாராஜா."

"அடேயப்பா! எப்படியம்மா இது?"

"பெரிய வித்தை ஒன்றுமில்லை, மகாராஜா. தங்களுக்கு ஒன்று என்றால் அம்மனுக்கு ஆயிரம். அதனால் பூவை ஆயிரத்தொன்று ஆயிரத்தொன்றாகக் குவிப்பேன். ஒரு குவியலைப் பதின்மூன்றாகப் பிரித்தால் பங்குக்கு எழுபத்தேழு, கச்சிதமாக வரும். தாங்கள் எத்தனை சொன்னாலும் அத்தனை குவியல், அவ்வளவுதானே!"

ராஜாவுக்கு ஆவல் அடங்கவில்லை. "பதினோரு சந்நிதி இருந்தால்?"

"குவியலுக்குத் தொண்ணூற்றொன்று. மிச்சமில்லை."

"ஏழு?"

"நூற்று நாற்பத்து மூன்று."

"பத்து?"

"அதைத் தங்கள் எண்ணைக் கேட்ட பிறகுதான் சொல்ல முடியும்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். சிரித்தவன் சட்டென்று கணிதர் பக்கம் திரும்பினான்.

"ஏனய்யா, மிச்சமே விழாது என்றால், வருஷாவருஷம் மிச்சம் என்று சொல்லி உம் வீட்டுக்குப் போனது எது?"

அம்மன் மாலை எங்கே குறைந்தது என்று அவையில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

நந்தவனத்தை உலகம்மைக்கே பட்டயம் எழுதிக் கொடுத்தான் ராஜா. நாலு லட்சத்துச் சொச்சம் மொட்டையும் பறித்துவந்து கணிதர் முன்னால் கொட்டச் சொன்னான்.

"ஒவ்வொன்றாக எண்ணிப் பதின்மூன்று பங்கு போடும். மிச்சம் விழுந்தால் தாராளமாக வீட்டுக்குக் கொண்டுபோம்!"