சர்வீஸ் தொடங்கும் இடம்

அன்று மாலை மைதானத்தில் இருந்தவர்கள்: வாலிபால் பயிற்சியாளர் ஜெபக்கனி. அவரிடம் பயிற்சி முறை கற்றுக்கொள்ள சனிக்கிழமைதோறும் வரும் உடற்கல்வி ஆசிரியர் பூதலிங்கம். பூதலிங்கத்தின் மாணவி இசக்கியம்மாள். இசக்கியின் தோழி புனிதா. வலை கட்டிக் கொடுத்த நான்.

ஐந்து பேர். ஒரு நாயும் வந்தது. நிற்காமல் போய்விட்டதால் அதைச் சேர்க்கவில்லை.

கற்றுக்கொடுப்பவருக்கு வயது முப்பத்தொன்று. கற்றுக்கொள்பவருக்கு ஐம்பத்து நான்கு.

“மேடம், எனக்கு ஒண்ணும் புரியல,” என்றார் பூதலிங்கம்.

“எது புரியல சார்?”

“இசக்கி தனியா சர்வீஸ் போட்டா முப்பதுக்கு முப்பது விழுது. ஆட்டத்துல போட்டா எல்லாம் வலையில. போன ஞாயித்துக்கிழமை அஞ்சு போட்டா. அஞ்சும் வலை.”

“ஆமா சார், வலையில மீன் புடிச்சிட்டிருந்தா,” என்றாள் புனிதா.

“ஏட்டி, வாய மூடு,” என்றாள் இசக்கி.

மறுநாள் காலை விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆட விட்டுப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இசக்கிக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

“அவளுக்கு என்ன பயிற்சி கொடுத்தீங்க?” என்று ஜெபக்கனி கேட்டார்.

பூதலிங்கம் நிமிர்ந்து நின்றார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது.

“திறன்ல ரெண்டு வகை மேடம். எதிராளியும் பந்தும் மாறிக்கிட்டே இருக்க, அதுக்குத் தக்கபடி செய்யிறது திறந்த திறன். சுத்தி எதுவும் மாறாம, நாமளே நேரம் பாத்துச் செய்யிறது மூடிய திறன். சர்வீஸ் போடுறப்ப யாரும் குறுக்கே வர்றதில்ல. பந்து நம்ம கையில. அதனால மூடினது. மூடின திறனுக்கு ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. அப்படித்தான் கொடுத்தேன்.”

“சரியாத்தான் சொல்றீங்க.”

“அப்புறம் ஏன் மேடம் வலையில விழுது?”

“போடச் சொல்லுங்க, பாப்போம்.”

கூடையில் பன்னிரண்டு பந்துகள் இருந்தன. பூதலிங்கம் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஒன்றை எடுத்து இசக்கியின் இடது உள்ளங்கையில் வைத்தார். அவள் மேலே போட்டு அடித்தாள். வலையைத் தாண்டி மூலையில் விழுந்தது. இன்னொன்றை வைத்தார். அதே மூலை. இன்னொன்று. அதே மூலை.

“பாத்தீங்களா?” என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. நோய் இருக்கிறது, சோதனையில் மட்டும் தெரியவில்லை என்றால் ஒருவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஜெபக்கனி புனிதாவை எதிர்ப்பக்கம் அனுப்பினார்.

“அங்க கிடக்கிற பந்தை இங்க அனுப்பு. ஆட்டத்துல எப்படி அனுப்புவியோ அப்படி.”

புனிதா ஒன்றைக் காலால் வலைக்கு அடியில் தள்ளிவிட்டாள். அது கோணலாக உருண்டது. இசக்கி குனிந்து எடுத்தாள். கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். பந்தை ஒரு முறை சுற்றினாள், இன்னொரு முறை சுற்றினாள். அடித்தாள்.

வலை.

அடுத்ததைப் புனிதா உயரமாக எறிந்தாள். இசக்கி ஓடிப் பிடித்தாள், மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். அடித்தாள்.

வலை.

“இது என்ன திறன் சார்?” என்றார் ஜெபக்கனி.

“மூடினது. இல்ல, இப்ப திறந்தது. இல்ல மேடம், அதே சர்வீஸ்தானே? அதே பிள்ளை. அதே கோடு.”

“சர்வீஸ் எங்க தொடங்குது?”

“கை பந்துல படுற இடத்துல.”

“இல்ல.”

“பந்தை மேல போடுற இடத்துல.”

“இல்ல.”

“நடுவர் விசில் அடிக்கிறப்ப.”

“இல்ல சார்.”

“அதுக்கு முன்னால என்ன இருக்கு? ஒண்ணும் இல்லியே!”

ஜெபக்கனி எதிர்ப்பக்கம் மிச்சம் கிடந்த பந்தை வாங்கி பூதலிங்கத்திடம் வீசினார். அவர் பிடித்து இசக்கியிடம் கொடுத்தார். அவள் அடித்தாள். மூலையில் விழுந்தது.

“இப்ப என்ன செஞ்சீங்க?”

“நானா? பந்தைக் கொடுத்தேன்.”

“கொடுக்குறதுக்கு முன்னால?”

“ஒண்ணும் செய்யலியே.”

“சார், நீங்க பந்தைத் திருப்பினீங்க,” என்றாள் புனிதா வலைக்கு அந்தப் பக்கமிருந்து. “காத்தடிக்கிற ஓட்டை, அந்த வால்வு, மேல வர்ற மாதிரி. எப்பவும் அப்படித்தான் கொடுப்பீங்க. சோத்தை உருட்டி ஊட்டுற மாதிரி.”

பூதலிங்கம் தம் கைகளைப் பார்த்தார். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நீ வால்வு பாப்பியா?” என்று இசக்கியிடம் கேட்டார்.

“நான் பாக்குறதில்ல சார். அது அங்கதான் இருக்கும்.”

“ஆட்டத்துல?”

“ஆட்டத்துல தேடுவேன்.”

“தேடினா?”

“விசில் அடிச்சிருவாங்க சார். அடிச்சா எட்டு நொடிக்குள்ள போட்டாகணும். அவசரத்துல அடிச்சிருவேன்.”

பூதலிங்கம் ஜெபக்கனி பக்கம் திரும்பினார்.

“அப்ப இனிமே வால்வு கீழ இருக்கிற மாதிரி கொடுக்கணுமா?”

ஜெபக்கனி கூடையைப் பார்த்தார்.

“பக்கவாட்டுல? ஒரு நேரம் மேல, ஒரு நேரம் கீழ? மேடம், நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அங்க நிக்கணும். எதை எத்தனை தடவை கொடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. கொடுத்துடுறேன்.”

ஜெபக்கனி நடந்து வந்து கூடையைக் காலால் தட்டிவிட்டார்.

ஒன்பது பந்துகளும் ஓடின. ஒன்று தண்ணீர்க் குழாயடிச் சேற்றில் போய் உட்கார்ந்தது. ஒன்று ஓரத்தில் நின்ற பைக்குக்கு அடியில் நுழைந்தது. மற்றவை நான்கு பக்கமும் போயின. பூதலிங்கம் பொறுக்கக் குனிந்தார்.

“வேண்டாம் சார்.”

“பந்து அழுக்காயிரும் மேடம்.”

“ஆகட்டும். இசக்கி, எடுத்து எடுத்துப் போடு. நான் விசில் அடிப்பேன்.”

இசக்கி முதல் பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சுற்றினாள். விசில். வலை. இரண்டாவதைச் சுற்றினாள். வலை. மூன்றாவது கோட்டுக்கு வெளியே போனது. நான்காவதும் வலை.

“மேடம், நாளைக்குச் செலக்‌ஷன்!” என்றார் பூதலிங்கம். “இருக்கிற சர்வீஸும் போயிரும்போல இருக்கு. நாளைக்கு விட்டு நாளன்னைக்கு இதைச் செய்யலாம்.”

“நாளன்னைக்கு எதுக்கு சார்?”



ஐந்தாவது, குழாயடியில் கிடந்தது. இசக்கி அதைச் சட்டையில் துடைத்தாள். துடைத்தும் சேறு போகவில்லை. வால்வு எங்கே என்று பார்க்க முடியாதபடி அப்பியிருந்தது. விசில் கேட்டது. அவள் பந்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். மேலே போட்டு அடித்தாள்.

தாண்டியது. மூலையில் விழவில்லை. நடுவில் எங்கோ, புனிதாவின் காலடியில் விழுந்து அவள் மேல் சேற்றைத் தெளித்தது.

“ஏட்டி, புதுப் பாவாடை!”

“மீன் புடிக்க வந்தா நனையத்தான் செய்யும்,” என்றாள் இசக்கி.

ஆறாவதைப் பைக்குக்கு அடியிலிருந்து இழுத்தாள். தாண்டியது. ஏழாவதைச் சுற்றத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். தாண்டியது. எட்டாவது தாண்டியது.

பூதலிங்கம் எதையோ கணக்குப் போட்டபடி நின்றார். விரல்கள் அசைந்தன. “அப்ப இது மூடினதா திறந்ததா?” என்று தமக்குள் கேட்டுக்கொண்டார்.

இசக்கி சுற்றிலும் பார்த்தாள். தரையில் பந்து இல்லை.

ஒன்பதாவது பூதலிங்கத்தின் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் வந்து இடது உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். ஜெபக்கனி விசிலை வாயில் வைத்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பூதலிங்கம் மெல்லக் குனிந்து பந்தைத் தரையில் வைத்தார். பிறகு அதை ஓங்கி ஓர் உதை உதைத்தார்.

“சார்!” என்று கத்திக்கொண்டே இசக்கி அதன் பின்னால் ஓடினாள்.

போட வேண்டியது மீதி, ஒன்று.