இருபது துண்டு, ஒரு பாட்டில்

“கட்டியை முழுசா எடுத்துட்டேன் மேடம். இன்னும் என்ன குறை?” என்றார் ஞானமுத்து.

அவருக்கு ஐம்பது வயது. தாலுகா ஆஸ்பத்திரியில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவம் படிக்க வந்தவர். பேராசிரியை உமையாளுக்கு நாற்பத்தொன்று. அதில் ஞானமுத்துவுக்கு உள்ளூரக் கடுப்புதான்.

உமையாள் ரிப்போர்ட்டை அவர் பக்கம் தள்ளினார்.

நோயாளி வேலாயுதத்துக்கு எழுபத்து மூன்று வயது. ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு. அபூர்வமாக வரும் கட்டி, ஆனால் புற்று வகை இல்லை. ஞானமுத்து அதை இருபது துண்டுகளாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்.

பத்தொன்பது துண்டுகளில் கெடுதல் இல்லை. ஒன்று மட்டும் புற்றாக மாறத் தொடங்கியிருந்தது.

“அந்த ஒண்ணு எங்கே இருந்துச்சு?”

“மூக்குலதான் மேடம்.”

“மூக்குல எங்கே?”

கண்ணை ஒட்டியா, கன்ன எலும்பிலா, மூளைக்கு அடியிலா? ஞானமுத்துவுக்குத் தெரியவில்லை.

“எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல போட்டுட்டேன். எங்க தாலுகா ஆஸ்பத்திரியில அப்படித்தான் வழக்கம்.”

“அவருக்கு மறுபடி ஆபரேஷன் பண்ணணும். போய்ச் சொல்லுங்க.”

“நீங்க சொன்னா கேட்டுக்குவாரு.”

“பாட்டில்ல போட்டது யாரு?”

வேலாயுதம் பையைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்று வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்தாறு வருடம் தபால்காரராக இருந்தவர். சொன்ன நேரத்துக்கு முன்பே தயாராகிவிடுவார்.

ஞானமுத்து விஷயத்தைச் சொன்னார்.

“மறுபடியுமா? எந்த இடத்துல சார்?”

“தெரியலைங்க ஐயா. சுத்தி எல்லா இடத்துலயும் எடுத்துத்தான் பார்க்கணும்.”

“இந்த வயசுலயா?”

எல்லாத் துண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு அனுப்பியதை ஞானமுத்து ஒப்புக்கொண்டார்.

“அனுப்பின பாட்டில் மேல ஒண்ணும் எழுதலியா?”

“உங்க பேரை எழுதியிருந்தேன்.”

வேலாயுதம் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவர் கோபப்படவில்லை. ஞானமுத்துவுக்கு அவமானமாக இருந்தது.

“வெறும் பேரை வெச்சுக்கிட்டு எந்தத் தெருவுல போய்த் தேடுறது சார்?”