பூட்டிய வீடு முப்பத்தொன்று

“தொடர்பு இல்லை, டீச்சர்,” என்றான் சங்கையா.

புஷ்பம் டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவர். சங்கையாவைவிடப் பதினோரு வயது இளையவர்.

அவன் நூல் மில்லில் நைட் ஷிப்ட். பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகங்களை வைத்துத் தானாகவே கணக்குப் படித்தவன். எங்காவது முட்டிக்கொண்டால் சனிக்கிழமை மதியம் இந்த அறைக்கு வந்து நிற்பான். மூன்று வருஷமாக இப்படித்தான்.

“எதுக்கும் எதுக்கும் தொடர்பு இல்லை?”

“நைட் ஷிப்டுக்கும், பேச்சுத்துணை இல்லாமப் போறதுக்கும்.”

“யார் கேட்டாங்க இதை?”

சங்கையா தரையைப் பார்த்தான்.

“வீட்ல.”

மனைவி மாடத்தி பிறந்த வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். ‘ஷிப்டைக் குத்தம் சொல்லாதீங்க. பகல் வேலை பாத்தாலும் உங்ககூட ஒருத்தரும் ஒட்ட மாட்டாங்க. உங்க கொணம் அப்படி.’

வேறு யாராக இருந்தாலும் சண்டை போட்டிருப்பான். சங்கையா படிவம் அடித்தான்.

மில் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் மொத்தத்துக்கும். இரண்டே கேள்வி. வேலை பகலா, ராத்திரியா? பேச்சுத்துணைக்கு ஆள் உண்டா, இல்லையா?

“நாலு கட்டம் போட்டேன் டீச்சர். பகல் ஆளுங்க நூத்தி இருபது, நைட் ஆளுங்க அறுபது. ஆக நூத்தியெண்பது பேர். அதுல துணை இல்லேன்னு சொன்னவங்க நாப்பத்தஞ்சு. கால் பங்கு.”

“சரி.”

“ரெண்டுக்கும் தொடர்பே இல்லேன்னு வச்சுக்கிட்டா, நைட் ஆளுங்கள்லயும் அதே கால் பங்குதான் வரணும். பதினஞ்சு.”

“வந்தது?”

“பதினாறு.”

“ஒரு ஆள் கூட.”

“ஒரே ஒரு ஆள். அது தற்செயல். கை-ஸ்கொயர் சோதனையும் போட்டுப் பாத்தேன். தொடர்பு இருந்தா மூணு புள்ளி எட்டு நாலைத் தாண்டியிருக்கணும். பூஜ்யம் புள்ளி ஒண்ணு மூணுலயே நின்னுபோச்சு.”

டீச்சர் டப்பாவை ஓரமாக நகர்த்தினார்.

“அப்ப ஷிப்ட் காரணமில்ல. நான்தான். ‘நீ சொன்னது சரி’ன்னு அவளுக்கு எழுதிட்டேன். இன்னும் போஸ்ட் பண்ணல. பண்ணிட்டா அவ திரும்பி வர்றதுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க.”

சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டான். கடிதம் அங்கே இருந்தது.

டீச்சர் அவன் நீட்டிய கணக்குத் தாளை வாங்கவில்லை.

“லைன்ல வீடு எத்தனை அண்ணே?”

“இருநூத்திப் பதினொண்ணு.”

“பதில் சொன்னது நூத்தியெண்பது. மிச்சம்?”

“பூட்டிய வீடு. முப்பத்தொண்ணு. ரெண்டு தடவை தட்டுவேன். திறக்கலேன்னா ஓரத்துல ‘பூ.வீ.’ன்னு போட்டுட்டு அடுத்த வீடு. அதெல்லாம் கணக்குல சேராது.”

“எந்த நேரத்துல தட்டினீங்க?”

“காலைல பத்து, பதினொண்ணு. பகல் ஆளுங்களுக்குப் படிவத்தை வீட்ல குடுத்து மறுநாள் வாங்கினேன். நைட் முடிச்சு வந்து, தூங்காமப் போனேன் டீச்சர்.” அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

“நைட் ஆளுங்க வீட்ல கதவைத் திறந்தது யாரு?”

“அவங்க வீட்டம்மாதான் பெரும்பாலும். ‘அவுக உறங்குறாக, இருங்க எழுப்புறேன்’ம்பாங்க.”

“எழுப்ப ஆளில்லாத வீடுன்னா? உங்க வீட்டுக்கு என்ன போட்டீங்க?”

“பூ.வீ. தான்.”

“உங்க வீட்டுக்கா?”

“நூத்திப் பதினாலாம் நம்பர். வரிசை மாறக்கூடாதில்ல. நான் வெளிய நிக்கேன், உள்ள யாரும் இல்ல. தட்டிட்டு எழுதினேன்.”

“தட்டினீங்களா?”

“ரெண்டு தடவை.”

டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்தார்.

“வெளியே போய் நில்லுங்க.”

சங்கையா வராந்தாவுக்குப் போனான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

நின்றான். தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று யோசித்தான். சனிக்கிழமை மதியம், கல்லூரியில் ஈ காக்கை இல்லை.

தட்டினான்.

பதில் இல்லை.

இன்னொரு தடவை தட்டினான். உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. இந்த அறையும் இனி நமக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

கதவு திறந்தது.

“இப்ப ஓரத்துல என்ன போடுவீங்க?”

“பூட்டிய...”



“பூட்டியிருந்துச்சா அண்ணே, சாத்தியிருந்துச்சா?”

சங்கையா அந்த முப்பத்தொரு கதவுகளையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தான். பச்சைக் கதவு, தகரம் அடித்த கதவு, கோலம் இல்லாத வாசல்கள். எந்தக் கதவில் பூட்டுத் தொங்கியது? பூட்டைக் கண்ணால் பார்த்ததாக அவனுக்கு நினைவிருந்தது ஒரே ஒரு வீட்டில். அது அவனே பூட்டியது.

“மறுபடி தட்டுங்க. சாயங்காலமாப் போங்க,” என்றார் டீச்சர்.

“தட்டினா கணக்கு மாறுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நானா அங்க குடியிருக்கேன்?”

அன்று ஐந்து மணிக்கு, அறுபத்திரண்டாம் நம்பர் வீட்டின் முன்னால் சங்கையா நின்றான். பூட்டு இல்லை. இரண்டு தடவை தட்டினான். சத்தமில்லை. மூன்றாவதாக ஒரு தடவை தட்டினான்.

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். கைலியும் நரைத்த தாடியுமாக ஒரு மனிதர், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

“யாரு?”

“இதே லைன்தான். சங்கையா. மில்லுல நைட். ஒரு கேள்வி கேக்கணும். போன வாரம் காலைல வந்தேன், நீங்க இல்ல.”

“இருந்தேனே.”

“தட்டினேனே அண்ணாச்சி.”

“கேட்டுச்சு. முழிச்சுத்தான் படுத்திருந்தேன்.”

“பிறகு ஏன் திறக்கல?”

அந்த மனிதர் சங்கையாவைப் பார்த்தார். அவன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

“பக்கத்து வீட்டைத் தட்டுறாங்கன்னு நெனச்சேன்,” என்றார்.