ஒரு பெரிய சங்கும் பதினேழு நண்டுகளும்

பவளத் தீவுக்கும் கரைக்கும் நடுவே ஆழமில்லாத ஒரு கடல் இருந்தது. அங்கே வந்ததும் அலைகள் தூங்கிவிடும். வெயில் தண்ணீருக்குள் இறங்கி, கடற்புல்லின் மேல் வலை வலையாக ஆடும். அந்தப் புல்லுக்குள் துறவி நண்டுகள் குடியிருந்தன.

துறவி நண்டின் பின்னுடம்பு மெத்தென்றிருக்கும். அதற்கு ஓடு கிடையாது. அதனால் நத்தை விட்டுப்போன வெறும் சங்குக்குள் புகுந்து வாழும். உடம்பு வளர்ந்தால் இன்னும் பெரிய சங்கு வேண்டும். சங்கில்லாத நண்டைப் பேத்தை மீன் ஒரே கடியில் முடித்துவிடும்.

புதுச் சங்குகள் எல்லாம் தீவுக்கு அப்பாலிருந்து வந்தன. அங்கே ஒரு பாறைப் பொந்தில் எட்டுக் கைகள் கொண்ட பேய்க்கணவாய் ஒன்று இருந்தது. அது நத்தைகளைத் தின்றுவிட்டு வெறும் சங்குகளை வீசி எறியும். நீரோட்டம் அவற்றை உருட்டி வந்து புல்வெளியில் சேர்க்கும். நண்டுகள் புதுசுக்குள் நுழைந்துகொண்டு, பழசை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். அது என்ன ஆயிற்று என்று எந்த நண்டும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒருநாள் இரண்டு நண்டுகள் ஒரே சங்குக்காகக் கட்டிப் புரள்வதைக் கணவாய் பார்த்துவிட்டது. நாம் எறிகிற குப்பைக்கு இவ்வளவு மதிப்பா என்று யோசித்தது. அன்றிலிருந்து ஒரு சங்கைக்கூட எறியவில்லை. பொந்து வாசலில் மதில்போல அடுக்கி வைத்தது.

ஒரு பருவம் கழிந்தது. நண்டுகளுக்குச் சங்குகள் இறுகின. தாழை என்ற பெண் நண்டு துணிந்து கணவாயிடம் போயிற்று.

"ஐயா, எங்களுக்குச் சங்கு வேண்டும்" என்றது.

"தாராளமாகத் தருகிறேன் அம்மா" என்றது கணவாய். அதன் நிறம் சாம்பலிலிருந்து ரோஜாவுக்கு மெல்ல மாறியது. "குஞ்சு பொரிக்கும் பருவத்தில் உங்கள் புல்வெளிக்குள் என்னை வரவிடுங்கள். அது போதும்."

எதற்காக என்று தாழை கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பருவத்தில் நண்டுகள் எல்லாம் இடுக்கிக் கைகளை நீட்டிக் காவல் நிற்கும்; அவை வழிவிடாமல் கணவாய் உள்ளே நுழைய முடியாது.

திரும்பி வந்து சொன்னபோது, தலைவன் உப்பன், "ஒப்புக்கொள்ளலாம்" என்றது.

"அண்ணே, குஞ்சுகளைத் தின்ன வழி கேட்கிறான்."

"தெரியும் தாழை. கொஞ்சம் குஞ்சுகள் போகும். மற்றவர்கள் பிழைப்போம். வேறு வழி இருந்தால் சொல்."

மறுநாள் தாழையின் தோழி சிலும்பி, வலி பொறுக்க முடியாமல் சங்கைவிட்டு வெளியே வந்தது. ஒரு நிழல் மேலே மிதந்து வந்தது. பேத்தை மீன். தாழை சேற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தலை தூக்கியபோது சிலும்பி இல்லை. புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தாழை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே காலால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. ஏதோ வழவழப்பாகத் தட்டுப்பட்டது. தோண்டியது. ஒரு சங்கு. அதற்கடியில் இன்னொன்று. யாரோ எப்போதோ விட்டுப்போன பழைய சங்குகள், அடுக்கடுக்காக, அந்தப் புல்வெளி முழுக்கப் புதைந்து கிடந்தன.

செய்தி பரவியது. எல்லா நண்டுகளும் தோண்டின. தண்ணீர் கலங்கிப் பால்போல் ஆனது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் புதுத் தொல்லை வந்தது. பலசாலிகள் ஆளுக்கு மூன்று சங்குகளை இழுத்து வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள், அளவு சரியா என்று பார்க்க ஒவ்வொரு சங்காக நுழைந்து நுழைந்து வெளியே வந்தார்கள். அப்படி வெளியே வந்த நேரத்தில் பேத்தை இருவரைக் கொண்டுபோயிற்று.

"சங்கு இருந்தும் சாகிறோமே" என்றது உப்பன்.

"ஒழுங்கு இல்லாமல் சாகிறோம்" என்றது தாழை. "ஒருவருக்கு ஒரு சங்குதான். புதுசு எடுத்தால் பழசைச் சேறு கழுவிப் பொதுவில் வைக்க வேண்டும். இதைச் சட்டமாக்குங்கள் அண்ணே."

"அளவு பார்ப்பது எப்படி?"

அப்போது புல்லைவிட மெல்லிய குரல் ஒன்று கேட்டது. "நான் சொல்லட்டுமா?"

வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கடல்குதிரை ஆடிக்கொண்டிருந்தது. அது எங்கேயும் போகாது. பார்ப்பதுதான் அதன் வேலை. "காலையிலிருந்து முந்நூறு நண்டுகள் மாறியதைப் பார்த்தேன். எந்த இடுக்கிக்கு எந்தச் சங்கு பொருந்தியது, எது பொருந்தாமல் போனது, எல்லாம் மனதில் இருக்கிறது. இடுக்கியைக் காட்டினால் போதும். வெளியே வராமலே அளவு சொல்லிவிடுவேன்."

முதலில் பத்தில் நாலு தப்பாயிற்று. ஒவ்வொரு தப்பையும் கடல்குதிரை கண்ணை மூடி மனதில் போட்டுக்கொண்டது. மூன்றாம் நாள் பத்துக்குப் பத்தும் சரியாக வந்தது. நண்டுகள் அதை முழுக்க நம்பிவிட்டன.

குறுங்கை என்ற நண்டுக்கு ஒரு சண்டையில் இடுக்கி போய், சிறியதாகப் புதுசு முளைத்திருந்தது. கடல்குதிரை அதைப் பார்த்துச் சின்னச் சங்கைச் சொன்னது. பாவம் குறுங்கை, பாதி உடம்போடு மாட்டிக்கொண்டது. தாழை பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தது.

கடல்குதிரையின் முகம் வாடியது. "இவரைப்போல ஒருவரை நான் பார்த்ததே இல்லை. இடுக்கியை மட்டும்தான் பார்த்தேன்."

"இனிமேலும் நீயே சொல்லு. ஆனால் போட்டுக்கொள்கிறவரையும் ஒரு வார்த்தை கேள். கடைசி முடிவு அவருடையது" என்றது தாழை. அதுவும் சட்டத்தில் சேர்ந்தது.

சிறியவர்கள் எல்லோருக்கும் சங்கு கிடைத்தது. பெரியவர்களில் பதினேழு பேர் மட்டும் மிஞ்சினார்கள். மிகப் பெரிய சங்கு சேற்றில் இல்லை.

கடல்குதிரை வெகுநேரம் ஆடியது. "பதினேழு சங்கு தேவையில்லை. ஒன்று போதும். மூத்தவர் அதில் ஏறினால் அவர் சங்கு அடுத்தவருக்கு. அவருடையது அதற்கடுத்தவருக்கு. வரிசையாக நின்றால் எல்லோரும் மாறிவிடலாம். அந்த ஒரு சங்குதான் எங்கே என்று தெரியவில்லை."

உப்பன் தலையைக் குனிந்துகொண்டது. பிறகு மெல்ல நடந்து பாறை இடுக்குக்குப் போயிற்று. பெரிய சங்கு ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தது.

"வயதான காலத்துக்கு என்று ஒளித்து வைத்திருந்தேன்" என்றது. "சிலும்பி போன அன்றும் இது என்னிடம் இருந்தது."

தாழை அந்தச் சங்கைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, "வரிசையில் நில்லுங்கள் அண்ணே" என்றது.

பதினேழு நண்டுகளும் பெரியதிலிருந்து சிறியது வரை, ஒன்றின் சங்கை ஒன்று பிடித்தபடி நின்றன. தூரத்தில் பேத்தை மீனின் நிழல் தெரிந்தது. ஒவ்வொருவரிடமும் கேட்டு முடித்த கடல்குதிரை, "இப்போது" என்றது. ஒரு சின்ன அலை புல்லைச் சாய்த்து நிமிர்த்தும் நேரம்தான். பதினேழு பேரும் இடம் மாறிவிட்டார்கள். வரிசையின் கடைசியில் ஒரு வெறும் சங்கு மிஞ்சிக் கிடந்தது. பேத்தை வந்து சுற்றிப் பார்த்தது. எங்கும் மூடிய வாசல்கள். ஒரு சங்கைக் கடித்துப் பல் வலித்து, வந்த வழியே மிதந்து போயிற்று.

குஞ்சு பொரிக்கும் பருவம் வந்தபோது கணவாயே தேடி வந்தது. "என்ன முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டது.

"நீங்கள் எறிந்தால் எடுத்துக்கொள்வோம் ஐயா. எறியாவிட்டாலும் எங்களிடம் இருக்கிறது" என்றது தாழை.

கணவாய் புல்வெளியைப் பார்த்தது. புல்லுக்கடியில், கழுவிய சங்குகள் அளவுவாரியாக வெளிறி மின்னின. அவற்றுக்கிடையே கடுகளவு குஞ்சுகள் தூசிபோல மிதந்துகொண்டிருந்தன. அது நிறம் மங்கித் திரும்பிப் போயிற்று.

தூக்கி எறிந்ததைத் தேடி எடுத்து, கூர்ந்து பார்த்து, எல்லோருக்கும் ஒரே சட்டம் வைத்துப் பகிர்ந்துகொள்கிறவர்கள், தங்களுக்குத் தேவையானதற்காக அடுத்தவர் வாசலில் பிள்ளைகளை விற்க வேண்டியதில்லை.